கொழுந்து ஒன்று, கணக்கு மூன்று

கொழும்பிலிருந்து சில காலமாக வந்துகொண்டிருக்கும் பொருளாதாரச் செய்திகள் செவிக்கு இனியன. 2022-இல் 7.3 வீதமும் 2023-இல் 2.3 வீதமும் சுருங்கிப்போன நாட்டின் உற்பத்தி, 2024-இல் 5 வீதம் வளர்ந்தது. 2025-இன் மூன்றாம் காலாண்டில் வளர்ச்சி 5.4 வீதத்தை எட்டியது. கைத்தொழில் முன்னே ஓடுகிறது. சேவைத்துறையும் விவசாயமும் பின்னே நடந்து வருகின்றன. வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாதென்று 2022 ஏப்ரலில் உலகறியக் கைவிரித்த நாடு, எரிவாயுச் சிலிண்டருக்காகத் தாய்மாரை இரவு பகலாக வீதியில் நிறுத்திய நாடு, மீண்டும் எழுந்து நடக்கின்றது என்றால் அதனை எள்ளி நகையாடுவது எமது வேலையன்று. ஆயினும் இவ்வளர்ச்சி எந்த மண்ணில் விளைந்தது, எவர் களஞ்சியம் புகுந்தது என்று கேட்காதிருத்தல் எமக்கு அடாது.

அக்கேள்வியைக் கண்டியில் நின்று கேட்பதே பொருத்தமெனக் கருதுகின்றோம். தலதா மாளிகையைச் சுற்றிய விடுதிகளும் கடைவீதிகளும் சேவைத்துறை. நகரைக் கடந்து மகாவலியைத் தாண்டினால் பல்லேகலைக் கைத்தொழில் வலயம். எத்திசையில் ஏறினாலும், ஹந்தானையிலும் கலஹாவிலும் தெல்தோட்டையிலும் ஹேவாஹெட்டையிலும், தேயிலை மலை. நாட்டின் முத்துறையையும் ஒரு பகற்பொழுதிற் பார்த்துவிடக்கூடிய இடம் இதைவிட வேறில்லை.

முதலிற் சிறு கணக்கொன்று. 2021-இல் நாட்டின் உற்பத்தி 100 ரூபா என்று வைத்துக்கொள்வோம். அடுத்த இரு வருடச் சரிவில் அது 90 ரூபா 60 சதமாயிற்று. 2024-இன் 5 வீத வளர்ச்சி அந்த 90-இன்மேற் கணித்த வளர்ச்சியே. அதனால் எட்டியது 95 ரூபா. 2025-உம் அதே வேகத்தில் ஓடினால்தான் ஏறத்தாழ பழைய 100 கைக்கு வரும். கிணற்றில் விழுந்தவன் கயிற்றைப் பிடித்து வெளியே வருவது நல்லதுதான்; அவன் மலையேறிவிட்டான் என்று மேளம் அடிப்பதுதான் பொருந்தாது. 2024-இல் கைத்தொழில் 11 வீதம் வளர்ந்ததென்ற பெருமையும் இவ்வகையினதே. சீமெந்தும் கம்பியும் கிடைக்காது நின்றுபோன கட்டடங்களில் மேசன்மார் மறுபடி கரண்டி பிடித்தமை அதிற் பெரும்பங்கு. அதே ஆண்டில் சேவைத்துறை 2.4 வீதமும், விவசாயம் வெறும் 1.2 வீதமும் வளர்ந்தன.

விவசாயத்தின் இந்த 1.2-ஐச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். நாட்டின் உற்பத்தியில் விவசாயத்தின் பங்கு ஏறத்தாழ 8 வீதம். நாட்டில் வேலை செய்வோரிலோ ஏறத்தாழ நாலில் ஒருவர் விவசாயத்தில் இருக்கின்றார். நாலில் ஒரு பங்கு மக்கள் பன்னிரண்டில் ஒரு பங்கு வருமானத்தைப் பகிர்ந்துண்ணும் துறை அது. அத்துறையே எல்லாவற்றிலும் மெதுவாக நகர்கின்றது. 2021-இல் ஒரே இரவில் இரசாயனப் பசளையைத் தடைசெய்து நெல்லையும் தேயிலையையும் வாட்டிய கைங்கரியத்தின் வடு இன்னும் ஆறவில்லை. 2021-இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை விளைச்சல் 2022-இல் 25 கோடியளவுக்கு இறங்கியது. 2024-இலும் 26 கோடியைச் சிறிதே தாண்டியது. 2013-இல் 34 கோடி கிலோ விளைந்த நாடு இது.

இனி ஒரு கொழுந்தின் பயணத்தைக் கவனிப்போம். தெல்தோட்டை மலையில் ஒரு தாய் கொழுந்து பறித்துக் கூடையிற் போடும்வரை அது விவசாயம். தொழிற்சாலையில் வாட்டி, அரைத்து, காய வைத்தவுடன் கைத்தொழிலாகிவிடுகிறது. லொறியில் ஏறிக் கொழும்பு ஏலத்துக்குப் போய், தரகர் கைமாறி, வங்கிக் கடன் பெற்று, கப்பலேறும்போது சேவைத்துறையாகின்றது. கொழுந்து ஒன்றே, கணக்கு மூன்று. மலையின் உச்சியிற் பறித்தவள் நிற்கும் பெட்டி அந்த 8 வீதப் பெட்டி. கீழே போகப் போகப் பெட்டிகள் பருக்கின்றன. 2024-இல் தேயிலை ஏற்றுமதி நாட்டுக்கு ஈட்டித்தந்தது ஏறத்தாழ 143 கோடி டொலர். அந்த டொலர் எந்தப் பெட்டியில் எவ்வளவு தங்கியது என்பதைப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் சராசரி எமக்குக் காட்டாது.

ஹந்தானையில் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலை உண்டு, 1925-இற் கட்டியது. இயந்திரம் ஓய்ந்து ஆண்டுக்கணக்கிற் பாழடைந்து கிடந்த பின்னர், அதனைத் தேயிலை நூதனசாலையாக்கினர். இன்று உல்லாசப் பிரயாணிகள் டிக்கெட் வாங்கி உள்ளே சென்று, மாடியிலமர்ந்து தேநீர் அருந்திப் படம் பிடிக்கின்றனர். கணக்குப்படி அது கைத்தொழிலிலிருந்து சேவைத்துறைக்கு உயர்ந்துவிட்டது! நூதனசாலை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை; வரலாறு காக்கப்பட வேண்டியதே. அதைச் சுற்றியுள்ள மலையில் வாழும் குடும்பங்கள் மட்டும் எத்துறைக்கும் உயராமல் நூதனசாலைக்கு வெளியே நிற்கின்றன.

கூலியைப் பாருங்கள். 2021 மார்ச்சில் நாட்கூலி 1000 ரூபாவாயிற்று. பெரும் போராட்டங்களுக்கும் வழக்குகளுக்கும் பின் 2024 செப்டம்பரில் அடிப்படைக் கூலி 1350 ஆனது. 2026-ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அதனை 1550 ஆக்கி, வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் மேலும் 200 ரூபாவை அரசாங்கமே கொடுக்குமென்றது. மொத்தம் 1750. கேட்பதற்குப் பெருந்தொகை. ஆனால் 2022 செப்டம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டதை எவரும் மறந்திருக்க முடியாது. பின்னர் பணவீக்கம் இறங்கியது. ஏறிய விலைகள் இறங்கவில்லை. 2021-இன் விலைவாசியோடு ஒப்பிட்டால் இன்றைய விலைவாசி ஏறத்தாழ இரு மடங்கை அண்மித்து நிற்கின்றது. ஆகவே இந்த 1750, அன்றைய ஆயிரத்துக்கு ஈடாகாது. பெயர் கூலி உயர்வு. அரிசிக் கடையில் அது கூலிக் குறைவு. இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கம்பனியின் தொழிலாளிக்குத் திறைசேரி கூலி கொடுக்கத் தொடங்கிவிட்டது. இந்தத் தோட்டமுறை தன் தொழிலாளிக்குத் தானே சோறிட முடியாத நிலைக்கு வந்துவிட்டதென்பதை அரசும் கம்பனியும் சேர்ந்து ஒப்புக்கொண்ட பத்திரமாகவே அந்த 200 ரூபாவை நாம் காண்கின்றோம்.

சேவைத்துறையின் செழிப்பு கண்டியில் கண்கூடு. 2025-இல் நாட்டுக்கு வந்த உல்லாசப் பிரயாணிகள் 23 இலட்சத்துக்கு மேல். முன்னைய உச்சமான 2018-ஐயும் அது விஞ்சியது. அதே ஆண்டு ஏப்ரலில், 16 ஆண்டுகளுக்குப்பின் நடந்த தலதா தரிசனத்துக்கு வந்த கூட்டத்தை நகரம் தாங்கமாட்டாது திணறியது. 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி மீண்டும் திறந்துவிடப்பட்டதும் அவையும் வந்து சேர்ந்தன. பேராதனை வீதியில் ஒரு மைல் செல்ல எடுக்கும் நேரத்தைப் பொருளாதார வளர்ச்சியின் அளவுகோலாகக் கொள்ளலாமெனில் கண்டி உலகில் முதலிடம் பெறும். விடுதிக்காரரும் வியாபாரியும் சம்பாதிக்கட்டும். அவர்களுள் எம்மவரும் பலர். ஆனால் தோட்டத்து இளைஞனுக்கு அத்துறையிற் கிடைப்பது பெரும்பாலும் கடைச் சிப்பந்தி வேலையும் விடுதியிற் பாத்திரம் கழுவும் வேலையுமே. அதுவும் இல்லாதபோது தங்கையோ மனைவியோ மத்திய கிழக்குக்கு விமானம் ஏறுகின்றாள். 2024-இல் வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பிய பணம் ஏறத்தாழ 658 கோடி டொலர். தேயிலை ஈட்டியதைப்போல் நான்கு மடங்குக்கு மேல். மறு ஆண்டு அது 800 கோடியைத் தாண்டியது. இந்த மண்ணில் உழைத்து ஈட்டுவதிலும் இந்த மண்ணை விட்டுப் போய் ஈட்டுவது பன்மடங்காகிவிட்டதை எந்த நிதியமைச்சரும் மகிழ்ச்சியோடு வாசிக்கலாகாது.

இதற்கெல்லாம் வேர் எங்கே? கூலியில் என்று தொழிற்சங்கங்கள் சொல்லும். தொழிலாளியின் உற்பத்தித்திறனில் என்று கம்பனிகள் சொல்லும். வேர் காணியில் என்று நாம் சொல்கின்றோம்.

எமது வடபுல விவசாய வாசகர்களுக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகின்றோம். 1970-களின் முற்பகுதியில் இறக்குமதியை அரசாங்கம் இறுக்கிப் பிடித்தது. மிளகாயும் வெங்காயமும் பொன் விலை விற்றன. யாழ்ப்பாணத்தில் சில பரப்புச் செம்மண் தோட்டமுள்ளவன், துலா மிதித்தும் இயந்திரம் வைத்தும் நீர் இறைத்து, கடனை அடைத்தான், கல்வீடு கட்டினான், பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினான். அதே ஆண்டுகளில், அதே அரசாங்கத்தின் அதே கொள்கையின் கீழ், 1973-இலும் 1974-இலும், மலைநாட்டுத் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் மடிந்தனர். மாவும் அரிசியும் கிடைக்காமல் கண்டி வீதிகளில் தோட்டத்துக் குடும்பங்கள் கையேந்தி நின்ற காலம் அது. இருவரும் தமிழர், இருவரும் மண்ணிற் பாடுபடுபவர். ஒருவனுக்குச் சொந்தக் காணி இருந்தது. மற்றவனுக்கு லயத்தின் பின்னால் ஒரு துண்டுக் கீரைப் பாத்தியும் நிச்சயமில்லை. உணவு விலை ஏறியபோது ஒருவன் விற்றான். மற்றவன் வாங்க வழியின்றிச் செத்தான். துறைவாரி வளர்ச்சியென்று பேசுவோர் இந்த ஒரு பாடத்தைப் படித்தாற் போதும். 1977-க்குப் பின் இறக்குமதி திறந்து யாழ்ப்பாணத்தான் அடிபட்டது வேறு கதை; அப்பொழுதும் அவன் காணி அவனிடம் இருந்தது.

மலைநாட்டுக் காணியின் வரலாறு நெடியது. 1840-ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் கண்டிக் கிராமத்தவரின் சேனை நிலங்களையும் காடுகளையும் அரசுடைமையென்று கொண்டு கோப்பித் துரைமாருக்கு வழிதிறந்தது. கோப்பி நோயில் அழிய, 1867-இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் இட்ட தேயிலை மலை முழுதும் படர்ந்தது. காடழித்து, பாதை வெட்டி, அத்தேயிலையை நட்டவர்களின் பேரர்களிடமிருந்து 1948-இல் குடியுரிமையே பறிபோயிற்று. 1972-இலும் 1975-இலும் காணிச் சீர்திருத்தம் வந்தது, தோட்டங்கள் அரசுடைமையாயின. சீர்திருத்தத்தின் பயன் அவற்றில் உழைத்தவருக்குக் கிட்டவில்லை. கண்டி, மாத்தளைப் பகுதிகளில் அவர்கள் துரத்தப்பட்டதே மிச்சம். அவர்களிற் பலர் வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறினர். 1977 மேயில், ஏழாயிரம் ஏக்கரைப் பிரித்தெடுக்கும் முயற்சியை எதிர்த்து நின்ற டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையானார். 1992-இல் தோட்டங்கள் தனியார் கம்பனிகளின் முகாமைக்குச் சென்றன. எவரும் விரும்பாத மத்திய மலைநாட்டுத் தோட்டங்கள் பல, ஜனவசம என்னும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையிடமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமும் எஞ்சின. எல்கடுவைப் பெருந்தோட்டமும் அவற்றோடு சேர்ந்தது. இவை பெரும்பாலும் கண்டியையும் மாத்தளையையும் சுற்றியவை. தொழிலாளரின் சேமலாப நிதியைக்கூட ஆண்டுக்கணக்கிற் செலுத்தாமல் நிலுவை வைத்த பெருமை இவற்றுக்குண்டு; பாராளுமன்றத்திலேயே பலமுறை பேசப்பட்ட சங்கதி இது.

இதற்கு எதிர்ப்புறத்தில் நாட்டின் தேயிலைக் கணக்கு ஓர் உண்மையைக் கூறுகின்றது. இன்று இலங்கைத் தேயிலையில் 70 வீதத்துக்கு மேற்பட்டது சிற்றுடைமையாளரின் காணிகளிலிருந்து வருவது. காலியிலும் மாத்தறையிலும் இரத்தினபுரியிலும் அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருக்கும் குடும்பங்கள் அவை. தேயிலையைத் துண்டு துண்டாகப் பிரித்தால் தொழில் அழிந்துபோகும் என்ற துரைமாரின் பழைய வாதத்தை இந்த ஒரு கணக்கு அடித்துவிட்டது. தாழ்நாட்டு மண்ணும் மழையும் வேறு, புதுரகச் செடிகள் வேறு என்று மறுப்பார்கள். உண்மைதான். கண்டியைச் சுற்றிய மலைகளில் மேல்மண் கழுவுண்டு போயிற்று. விதையிலிருந்து வளர்த்த கிழட்டுச் செடிகளே பல இடங்களில் நிற்கின்றன. அதனாலேதான் அங்கே தேயிலை ஒன்றை மட்டும் நம்பியிருத்தல் தகாது. கண்டிக் கிராமத்தவர் தம் வீட்டுத் தோட்டத்தில் மிளகும் கராம்பும் சாதிக்காயும் பலாவும் கோப்பியும் கலந்து வளர்த்து, மண்ணையும் காத்துப் பணமும் காண்பதை நாம் தினமும் பார்க்கின்றோம். வேலிக்கு இப்பால் அது முடியுமானால் அப்பால் ஏன் முடியாது? அப்பாலிருப்பவனுக்குக் கராம்புக் கன்றை நட்டு எட்டு வருடம் காத்திருக்க உரிமையில்லை என்பது தவிர வேறு காரணம் எமக்குத் தெரியவில்லை.

அரசாங்கங்கள் முதலிற் கொடுக்க முன்வந்தது 7 பேர்ச்சஸ். யாழ்ப்பாணக் கணக்கிற் சொன்னால் ஒரு பரப்புக்கும் குறைவு. அதில் வீடு கட்டலாம். கிணற்றடியில் நாலு வாழை வைக்கலாம். வீடு வேண்டியதே, லயம் ஒழியவேண்டியதே. ஆனால் 7 பேர்ச்சஸ் உறுதி ஒரு குடும்பத்தை விவசாயி ஆக்காது. தோட்டத்துக் கூலியைச் சற்று வசதியான அறையிற் படுக்க வைக்கும், அவ்வளவே. 2019-இன் அரச கணக்குப்படி நாட்டில் வறியோர் 14.3 வீதம், தோட்டப்புறத்தில் 33.8 வீதம். இந்த இடைவெளியை ஒரு பரப்புக் காணி நிரப்புமென்று நம்புவது ஆனைப் பசிக்குச் சோளப்பொரி இடுவதாகும்.

காணி வயிற்றுக்கு மட்டுமன்று, உயிருக்கும் வேண்டியதென்பதை 2025 நவம்பர் காட்டிவிட்டது. ‘டித்வா’ சூறாவளியில் நாடெங்கும் 600-க்கு மேற்பட்டோர் மாண்டனர். உயிர்ப்பலி மிகுந்த மாவட்டம் கண்டி. மலைகள் சரிந்தன, புகையிரதப் பாதை துண்டிக்கப்பட்டது, கம்பளையிலும் பேராதனையிலும் மகாவலி வீடுகளுக்குள் புகுந்தது. நேரடிச் சேதம் 410 கோடி டொலர், அதாவது நாட்டின் ஆண்டு உற்பத்தியில் ஏறத்தாழ 4 வீதம், என்று உலக வங்கி மதிப்பிட்டது. அதிலும் அதிகம் இழந்தது கண்டியே. வளர்ச்சிக் கணக்கின் விநோதம் ஒன்றை இங்கே சொல்லவேண்டும். இடிந்த வீட்டின் இழப்பு அக்கணக்கிற் கழிக்கப்படுவதில்லை. அதனை மறுபடி கட்டும் செலவு மட்டும் கூட்டப்படுகின்றது. ஆகவே வரும் ஆண்டுகளில் கட்டடத்துறை மறுபடி துள்ளி எழுந்ததென்று செய்தி வந்தால் வாசகர்கள் வியப்படைய வேண்டாம்.

முழுதாக அழிந்த வீட்டை மீளக் கட்ட 50 இலட்சம் ரூபா வரை கொடுப்பதாக அரசு அறிவித்தது. தாராளமான தொகை, பாராட்டுகின்றோம். ஆனால் லயத்தில் இருந்தவனுக்கு வீடும் அவனதன்று, நிலமும் அவனதன்று. நான்கு தலைமுறை வாழ்ந்த இடத்துக்கு ஒரு துண்டுக் காகிதம் காட்ட முடியாதவன் எந்தப் பத்திரத்தைக் கிராம உத்தியோகத்தரிடம் நீட்டுவான்? எந்தச் சரிவில் குடியிருக்கலாம், எதில் ஆகாது என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வரைபடம் வைத்திருக்கின்றது. எச்சரிக்கை வரும்போது அவன் ஓடிப்போய் நிற்க இடம் வேண்டாமா?

பாழான மலைச்சரிவு கண்டியின் கவலை மட்டுமென்று எண்ணவேண்டாம். 1976-இல் பொல்கொல்லையிற் கட்டிய அணையிலிருந்து மகாவலியின் நீர் சுரங்கவழியே வடக்கே திரும்பி வறண்ட வலயத்து வயல்களுக்குப் பாய்கின்றது. விக்டோரியா அணை 1985 முதல் மின்சாரம் தருகின்றது. கவனிப்பாரற்ற தேயிலைச் சரிவுகளிலிருந்து கழுவுண்ட மண் இந்நீர்த்தேக்கங்களில் வண்டலாய்ப் படிவதைப் பொறியியலாளர் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். மேலே மரம் நட ஆளில்லாவிட்டால் கீழே நெல்லுக்கும் நீரில்லை.

எனவே எமது கோரிக்கை இது. கம்பனிகளின் குத்தகையைத் தொடவேண்டியதில்லை. அந்த வழக்கு வேறு. கண்டி, மாத்தளைப் பகுதிகளில் அரசின் கையிலேயே இருக்கும் தோட்டங்களில், பயிரின்றியும் பராமரிப்பின்றியும் கிடக்கும் நிலத்தை அத்தோட்டங்களில் வாழும் குடும்பங்களுக்கு அரை ஏக்கருக்குக் குறையாமல் பிரித்துக் கொடுக்கவேண்டும். உறுதி கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்கவேண்டும். தேயிலைச் சிற்றுடைமை அதிகார சபை மற்றச் சிற்றுடைமையாளருக்குத் தரும் மானியமும் ஆலோசனையும் இவர்களுக்கும் வேண்டும். அயலிலுள்ள காணியற்ற சிங்களக் கிராமத்தவருக்கும் இதில் நியாயமான பங்குண்டு. அவர்களின் பாட்டன்மாரிடமிருந்தும் இந்த மலை பறிக்கப்பட்டதே. 1951-இலேயே கண்டி விவசாயிகள் ஆணைக்குழு அவர்கள் அவலத்தை எழுதி வைத்தது. ஒருவனைத் துரத்தி மற்றவனைக் குடியேற்றிய 1970-களின் பிழை மறுபடி நேரக்கூடாது.

கண்டியில் தொழில் புரியும் எமது நில அளவையாளர், சட்டத்தரணிகள், கணக்காளர்கள் இதிற் செய்ய நிறைய உண்டு. சேமலாப நிதி நிலுவைக்கு மனு எழுதவும், உறுதியின் வாசகத்தைப் படித்துக் காட்டவும் தோட்டத்து இளைஞனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குவது பெருந்தியாகமன்று. கராம்புக்கும் மிளகுக்கும் கன்று நடுங்காலம் பருவமழையோடு வருவது. அம்மழை தொடங்குமுன், எத்தோட்டத்தில் எத்தனை ஏக்கர் மானாப்புல் மண்டிக் கிடக்கின்றது, அத்தோட்டத்தில் எத்தனை குடும்பங்கள் வாழ்கின்றன என்ற பட்டியலைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, கண்டி, மாத்தளைக் கச்சேரிகளிலும் ஒவ்வொரு தோட்டக் காரியாலயத்தின் வாசலிலும் அரசாங்கம் ஒட்டட்டும்.